தானா நடக்கணும்... தப்பாம நடக்கணும்!

லேப்டாப் வாங்குற பேச்சு வந்தா நம்ம பசங்க ஆளுக்கொரு எக்ஸ்பர்ட். எத்தனை ஜி.பி. ராம், எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த கேம் எவ்வளவு ஸ்பீடா ஓடும்... மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை பேசுவார்கள். ‘‘அது சரி மச்சி, பேக்கப் எடுக்கறியா?’’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு அசட்டுச் சிரிப்பு. பின்னாலேயே, ‘‘போன செமஸ்டர்ல பென் டிரைவ்ல ஒரு தடவை போட்டேன். அந்த பென் டிரைவ்தான் எங்கேன்னு தெரியலை!’’

இதுல யாரையும் குறை சொல்ல முடியாது பாஸ். கையால பேக்கப் எடுக்கிற பழக்கம் யாருக்கும் நிலைக்காது. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வாக்கிங் போற கதைதான். மூணு நாள் நடக்கும், நாலாவது நாள் மழை பெய்யும். இன்டர்னல், ரிவ்யூ, சிம்போசியம் என்று வேலை நெருக்குகிற வாரத்தில்தான் ஃபைல்கள் அதிகமாக மாறும். அதே வாரத்தில்தான் பேக்கப் எடுக்க நேரமே இருக்காது. அதனால் இந்த வேலையை மனுஷன்கிட்ட இருந்து பிடுங்கி மெஷின்கிட்ட கொடுத்துடணும். நாம் தேர்ந்தெடுத்த ஃபோல்டர்களை மட்டும், சொன்ன நேரத்துக்கு, நம்மைக் கேட்காமலே காப்பி எடுத்து வைக்கிற சாஃப்ட்வேர்கள் நிறைய இருக்கு. பாதிக்கு மேல் இலவசம். அதில் எது உங்களுக்கு சரிப்படும்? இந்த வாரம் அதான் மேட்டர்!

காப்பி வேற... ஸிங்க் வேற... பேக்கப் வேற!

‘‘எனக்கு எதுக்குப்பா பேக்கப்? எல்லாம் கிளவுட்ல இருக்கே!’’ என்று காலரைத் தூக்கிவிடுகிற கோஷ்டி எல்லா கிளாஸிலும் உண்டு. அவர்களுக்காகவே எங்கள் ஹாஸ்டலில் நடந்த ஒரு கதை.

ஃபைனல் இயர் அண்ணன்கள் நாலு பேர். ஒரே ப்ராஜெக்ட் டீம். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மெயில் ஐ.டி., அதில் ஒரு கிளவுட் டிரைவ். நாலு லேப்டாப்பிலும் அந்த ஃபோல்டர் ஸிங்க் ஆகிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் சென்ஸார் ரீடிங் போட்டால் அடுத்த நிமிஷம் மற்ற மூணு பேரிடமும் இருக்கும். செம ஏற்பாடுதான். ஏழாவது செமஸ்டர் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, நாலு பேரில் ஒருத்தர் லேப்டாப்பில் இடம் பத்தவில்லை என்று அந்த ஃபோல்டரை டெலீட் செய்தார். ‘மத்த மூணு பேர்கிட்டயும்தான் இருக்கே’ என்று நினைப்பு. ஸிங்க் தன் கடமையைச் சரியாகச் செய்தது. நாலு லேப்டாப்பிலும் ஃபோல்டர் காலி!

லீவில் யாரும் லேப்டாப்பைத் திறந்து ப்ராஜெக்ட் பார்க்கவில்லை (யார்தான் பார்ப்பார்கள்?). திரும்பி வந்து பார்த்தபோது ஒரு மாதம் தாண்டிவிட்டது. கிளவுட் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும் ரகம். கோடு பாதி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கிடைத்தது. ரிப்போர்ட்டின் பழைய வடிவம் கைடுக்கு அனுப்பிய மெயிலில் கிடைத்தது. நாலு மாதம் வெயிலில் நின்று எடுத்த ரீடிங் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த டீம் அடுத்த ரிவ்யூவுக்கு முன் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறியது. அந்த வருஷம் அவர்கள் பார்த்த முகத்தை இன்னும் எங்க ப்ளாக்கில் யாரும் மறக்கவில்லை.

கதையின் நீதி சிம்பிள். ஸிங்க் என்பது கண்ணாடி மாதிரி. நீங்க சிரிச்சா சிரிக்கும், அழுதா அழும். ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிக்கும். ஃபைல் கரப்ட் ஆனால் கரப்ட் ஆன ஃபைலைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பேக்கப் என்பது ஆல்பம் மாதிரி. போன வாரம் எப்படி இருந்தது, போன மாதம் எப்படி இருந்தது என்று தனித்தனியாக வைத்திருக்கும். ஸிங்க் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வசதி. ஆனால் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கக்கூடாது.

முதல்ல ஃபோல்டர்... அப்புறம்தான் சாஃப்ட்வேர்!

சாஃப்ட்வேரை இறக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. ‘இது போச்சுன்னா மறுபடி கிடைக்குமா?’ என்று ஒவ்வொரு ஃபோல்டரையும் கேளுங்க. கிடைக்கும் என்றால் அதை விட்டுடுங்க. விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கலாம். சினிமாவைத் திரும்ப இறக்கிக்கலாம். சீனியர் எழுதிய நோட்ஸ் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். நீங்களே உருவாக்கியது, நீங்களே படம் பிடித்தது, நீங்களே அளந்தது... இதெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு காப்பிதான்.

பெரும்பாலும் லிஸ்ட் இப்படித்தான் வரும்: ப்ராஜெக்ட் ஃபோல்டர், டாகுமென்ட்ஸ், ரெஸ்யூம், ஸ்கேன் செய்த சர்டிஃபிகேட்கள், போனிலிருந்து இறக்கிய போட்டோக்கள். டெஸ்க்டாப்பை மறந்துடாதீங்க. நம்மில் பாதிப் பேர் குடும்பமே நடத்துவது டெஸ்க்டாப்பில்தான்! புதிய விண்டோஸ் லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவுக்குள் குடிபோயிருக்க வாய்ப்பு உண்டு. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அந்த ஃபோல்டர் நிஜமாக எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்க. விலாசம் தப்பா இருந்தா பேக்கப்பும் தப்பா இருக்கும்.

எதை விடணும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வெப் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்குத் தெரியும், ‘நோட் மாட்யூல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் பூதம் மாதிரி வளர்ந்து நிற்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள். பைதான்காரர்களுக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட். இதையெல்லாம் ஒரு கமாண்டில் திரும்ப வரவழைக்கலாம். பேக்கப்பில் சேர்த்தால் அஞ்சு நிமிஷ வேலை ஒரு மணி நேரம் இழுக்கும்.

‘‘நான் கோடை எல்லாம் கிட்ஹப்ல போட்டுட்டேனே!’’ என்பவர்களுக்கு ஒரு சபாஷ். ஆனால் கமிட் செய்து புஷ் பண்ணின வரைக்கும்தான் அங்கே இருக்கும். சைஸ் பெருசு என்று நீங்களே ஒதுக்கி வைத்த டேட்டா செட்டும், இன்றைக்கு ராத்திரி எழுதிய நாற்பது வரியும் உங்க லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கு.

சாஃப்ட்வேருக்கு ஒரு கேம்பஸ் இன்டர்வியூ!

நம்மை மட்டும்தான் இன்டர்வியூ பண்ணணுமா? இந்த முறை நாம சேர்ல உட்காருவோம். வருகிற சாஃப்ட்வேரிடம் எட்டுக் கேள்வி.

1. நான் சொல்ற ஃபோல்டரை மட்டும் எடுப்பியா? வேணாம்னு சொன்னதை விட்டுடுவியா? சேர்க்க ஒரு லிஸ்ட், விலக்க ஒரு லிஸ்ட், ரெண்டும் இருக்கணும். மொத்த ஹார்ட் டிஸ்க்கையும்தான் எடுப்பேன் என்று அடம்பிடிப்பது நமக்கு ஆகாது.

2. நான் மறந்தாலும் நீ மறக்க மாட்டியே? தினமும் ராத்திரி 11 மணி என்று நேரம் குறிக்கலாம். ஆனால் 11 மணிக்கு லேப்டாப் மூடியிருந்தால்? அடுத்து திறந்ததும் விட்டதை முடிக்கத் தெரியணும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில்கூட இதற்கென்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

3. போன செவ்வாய்க்கிழமை இருந்த மாதிரி கொடுப்பியா? இதுதான் வெர்ஷன். ரிப்போர்ட்டில் நாலாவது சேப்டரை அழித்துவிட்டு மூணு நாள் கழித்துத்தான் கவனிக்கிறீங்க என்று வையுங்க. நேற்றைய காப்பி மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. இந்தக் கேள்விக்கு முழிக்கிற சாஃப்ட்வேரை அங்கேயே வெளியே அனுப்பிடலாம்.

4. மாறினதை மட்டும் எடுப்பியா? கணக்குப் போட்டுப் பாருங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டர் 4 ஜி.பி. தினமும் முழுசாக காப்பி எடுத்தால் 30 நாளில் 120 ஜி.பி. ஒரு நாளைக்கு 50 எம்.பி.தான் மாறுகிறது, அதை மட்டும் எடுத்தால் முதல் நாள் 4 ஜி.பி., மீதி 29 நாளுக்கும் சேர்த்து ஒன்றரை ஜி.பி.கூட இல்லை. மொத்தம் அஞ்சரை ஜி.பி.! இதற்குப் பெயர் இன்கிரிமென்டல். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட ‘ஆர்ஸிங்க்’ இதிலும் ஒரு படி மேலே போனது. ஒரு ஃபைலுக்குள்ளேயே மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். லினக்ஸ் பக்கம் இன்றைக்கும் அதற்கு மவுசு குறையவில்லை.

5. திறந்திருக்கிற ஃபைலை என்ன பண்ணுவே? நீங்க டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஃபைல் பூட்டியிருக்கும். சில சாஃப்ட்வேர் ‘எரர்’ என்று அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸில் ‘ஷேடோ காபி’ என்று ஒரு வசதி உண்டு. அந்த நொடியில் டிஸ்க்கை உறைய வைத்த மாதிரி ஒரு பிம்பம் எடுத்து அதிலிருந்து காப்பி எடுக்கும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவன் கெட்டிக்காரன்.

6. பூட்டு போடுவியா? கிளவுடுக்கு அனுப்புவதற்கு முன்பே என்கிரிப்ட் செய்யணும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டை மறந்தால் ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாது. பேப்பரில் எழுதி வீட்டில் பீரோவில் வையுங்க. லேப்டாப்பிலேயே எழுதி வைத்துவிட்டு லேப்டாப் போனதும் தேடாதீங்க!

7. நீ இல்லாமலே என் ஃபைலைத் திறக்க முடியுமா? சில சாஃப்ட்வேர் ஃபைலை அப்படியே காப்பி எடுக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகித் திறக்கலாம். சில, துண்டு துண்டாக்கித் தன் பாஷையில் வைத்திருக்கும். திறக்கவும் அதே சாஃப்ட்வேர் வேண்டும். இரண்டாவது ரகம் இடத்தை மிச்சம் பிடிக்கும், முதல் ரகம் அவசரத்துக்கு உதவும்.

8. தோத்துப்போனா வாயைத் திறந்து சொல்லுவியா? பேக்கப் நின்று மூணு மாசம் ஆனதை லேப்டாப் செத்த அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வது... இதைவிடக் கொடுமை வேற இல்லை.

ரவுண்டுக்கு வந்தவர்கள்!

ஃபைல் ஹிஸ்டரி: 2012-ல் விண்டோஸ் 8-வுடன் வந்தது. தனியாக இறக்க வேண்டியதே இல்லை. கன்ட்ரோல் பேனலில் உட்கார்ந்திருக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி ஆன் செய்தால் மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை வெர்ஷன் வெர்ஷனாக எடுத்து வைக்கும். ஒரு சிக்கல்... விண்டோஸ் 11-ல் நினைத்த ஃபோல்டரை நேரடியாகச் சேர்க்க வழி இல்லை. அந்த ஃபோல்டரை ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்த்தால்தான் கண்ணில் படும். ‘டி’ டிரைவில் ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

ஃப்ரீஃபைல்ஸிங்க்: பெயரில் ஸிங்க் இருந்தாலும் பேக்கப்புக்கும் ஆகும். இடது பக்கம் நம் ஃபோல்டர், வலது பக்கம் டிஸ்க். என்ன காப்பி ஆகும், என்ன அழியும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். ஃபைலை அப்படியே வைப்பதால் ஏழாவது கேள்விக்கு ஃபுல் மார்க். செட்டிங்கில் ‘வெர்ஷனிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அழிகிற, மாறுகிற பழைய ஃபைல்களைத் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் சேர்த்து வைக்கும். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதுவும் வெறும் கண்ணாடிதான். தானாக ஓட வைக்க டாஸ்க் ஷெட்யூலரோடு முடிச்சுப் போடணும். கூடவே வரும் ‘ரியல்டைம்ஸிங்க்’ ஃபோல்டரில் மாற்றம் வந்ததும் வேலையை ஆரம்பிக்கும்.

டூப்ளிகாட்டி: இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிரவுசரில்தான் திரையே திறக்கும். ஃபோல்டர் தேர்வு, விலக்கல், நேரம், என்கிரிப்ஷன், கிளவுடுக்கு அனுப்புவது எல்லாம் ஒரே இடத்தில். கடைசி ஏழு நாளுக்கு நாளுக்கொன்று, நாலு வாரத்துக்கு வாரத்துக்கொன்று, 12 மாதத்துக்கு மாதத்துக்கொன்று என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே கழித்துவிடுகிற செட்டிங் ஒன்று இருக்கு, அருமை! ஆனால் ஃபைல்களைத் துண்டாக்கி வைக்கும். புது கம்ப்யூட்டரில் மீட்கும்போது தன் கணக்குப் புத்தகத்தை மறுபடி எழுத நேரம் எடுத்துக்கொள்ளும். பொறுமை வேணும்.

டேஜா டூப்: உபுண்டு போட்டிருப்பவர்களுக்கு. ‘எடுக்க வேண்டியவை’, ‘விட வேண்டியவை’ என்று இரண்டே பட்டியல். தினமும் அல்லது வாரம் ஒருமுறை, பாஸ்வேர்டு போட்டு. அம்மாவுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

டைம் மெஷின்: மேக் வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு 2007-லிருந்தே கூட வருகிறது. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கொன்று. இங்கே மட்டும் தலைகீழ்... எல்லாவற்றையும் எடுக்கும், வேண்டாததை நாம்தான் விலக்கணும்.

ரோபோகாபி: கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கிற வீரர்களுக்கு. விஸ்டாவிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கு. வேகம் செம. ஆனால் ‘மிரர்’ ஸ்விட்ச் போட்டால் மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலும் அழித்துவிடும். இடம் வலம் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கைப் பார்த்து ப்ராஜெக்ட்டைக் காலி செய்துவிடும். வெர்ஷன் கிடையாது. கத்தி கூர்மை, ஜாக்கிரதை!

எங்கே வைக்கிறது?

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய ஒரு ஃபார்முலா இருக்கு: 3-2-1. மொத்தம் 3 காப்பி. 2 வெவ்வேறு விதமான இடத்தில். அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரி.

‘டி’ டிரைவில் இருப்பதை ‘இ’ டிரைவுக்குக் காப்பி எடுத்துவிட்டு பேக்கப் என்று சொல்பவர்கள் கை தூக்கவும். ரெண்டும் ஒரே டிஸ்க்கின் ரெண்டு அறைகள்தான் பாஸ். வீடு இடிஞ்சா ரெண்டு அறையும் போகும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் ‘வான்னக்ரை’ 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த மாதிரி ரான்சம்வேர் உள்ளே வந்தால் செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தேதான் பூட்டும். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்க. பழைய பென் டிரைவ் என்றால் இன்னொன்றும் பாருங்க. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.யைத் தொடுகிற ஃபைலை அது ஏற்காது. பெரிய வீடியோவும் விர்ச்சுவல் மெஷினும் வெளியே நிற்கும்.

வீட்டுக்கு வெளியே ஒரு காப்பி ஏன்? 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? தண்ணீர் லேப்டாப்புக்கு ஒரு நியாயம், பக்கத்து ஷெல்ஃபில் இருக்கிற டிஸ்க்குக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. சர்டிஃபிகேட் பறிகொடுத்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கமே சிறப்பு முகாம்கள் நடத்தியது. மார்க் ஷீட்டுக்கு டூப்ளிகேட் கொடுக்க ஒரு ஆபீஸ் இருக்கு. உங்க ப்ராஜெக்ட்டுக்கும், தாத்தாவோட கடைசி பொங்கல் வீடியோவுக்கும் டூப்ளிகேட் கொடுக்க எந்த ஆபீஸும் கிடையாது.

கிளவுடுக்கு அனுப்பலாம் என்றால் இடத்தைக் கணக்கிடணும். கூகுளில் 15 ஜி.பி. இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோஸும் அதே பானையில்தான் கை விடும். ஒன்டிரைவ் 5 ஜி.பி. நேரத்தையும் கணக்கிடணும். அப்லோடு வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் 20 ஜி.பி. போய்ச்சேர கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். முதல் தடவைதான் இந்த அவஸ்தை. அப்புறம் மாறியது மட்டும்தான் போகும்.

கிளவுடும் யாரோ ஒருத்தருடைய கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்தான். 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்தது. 858 டெராபைட். வேறு இடத்தில் நகல் இல்லை. அளவு ரொம்பப் பெரிசு, அதனால் பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். நம்ம பசங்க சொல்ற அதே சாக்கு!

காசில்லாத வழி ஒன்றும் உண்டு. ஹாஸ்டல்வாசியும் டே ஸ்காலரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். உன் என்கிரிப்ட் செய்த டிஸ்க் என் ஊரில், என்னுடையது உன் ரூமில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். டீ செலவு மட்டும்தான்.

நம்பாதே... சோதித்துப் பார்!

பேக்கப் எடுப்பது பாதி வேலை. திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது மீதி.

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் ராத்திரி வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர், தப்பான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. ‘பேக்கப்தான் இருக்கே’ என்று தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தினமும் எடுக்கிற பேக்கப், வெர்ஷன் பொருந்தாததால் வெகு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கை மெயிலும் போய்ச்சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிம்பம்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். அத்தனையையும் மறைக்காமல் ஊருக்கே எழுதிப் போட்டார்கள் என்பதற்காக ஒரு சல்யூட்.

இன்னொன்று நம்மைப் போன்ற காலேஜ் சங்கதி. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் அழிந்தன. அழித்தது வைரஸ் இல்லை... பேக்கப் புரோகிராமே! பழைய லாக் ஃபைல்களை நீக்கும் ஸ்கிரிப்ட்டை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசாக மாற்றி எழுதியதில், எதை அழிக்கணும் என்ற விலாசமே தொலைந்து ஆராய்ச்சி ஃபைல்களில் கை வைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அதில் நாலு குழுக்களின் டேட்டாவை மீட்கவே முடியவில்லை. சிஸ்டம் கொடுத்த நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் போன ரீடிங் போனதுதானே?

அதனால் மாதம் ஒருநாள், பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, முடிந்தால் ஃப்ரெண்டோட லேப்டாப்பில் திறந்து பாருங்க. திறந்தால் பாஸ். திறக்கலைன்னா அரியர்! 2011-லிருந்து மார்ச் 31-ஐ ‘உலக பேக்கப் தினம்’ என்று கொண்டாடுகிறார்கள். முட்டாள்கள் தினத்துக்கு முந்தின நாள். காரணம் சொல்லணுமா என்ன?

கொசுறு: ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்த 1998-ல், யாரோ தவறிப்போய் அடித்த ஒரு கமாண்டில் படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே மறைய ஆரம்பித்தன. ஸ்டூடியோவின் பேக்கப்பும் சரியாக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த டெக்னிக்கல் டைரக்டர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். படம் 1999-ல் வெளிவந்தது. 3-2-1-ல் அந்தக் கடைசி ‘1’ யாருடைய வீட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது!

ஆக... யாருக்கு எது?

விண்டோஸ், கையில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், செட்டிங் எல்லாம் அலர்ஜி என்றால் ஃபைல் ஹிஸ்டரி. என் ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே திறக்கணும் என்றால் ஃப்ரீஃபைல்ஸிங்க், வெர்ஷனிங் போட்டு. கிளவுடுக்கும் போகணும், பூட்டும் வேணும் என்றால் டூப்ளிகாட்டி. உபுண்டுவுக்கு டேஜா டூப், மேக்குக்கு டைம் மெஷின். என் ஓட்டு? ப்ராஜெக்ட் வருஷத்தில் ரெண்டைச் சேர்த்துப் போடுங்க. டிஸ்க்குக்கு ஃப்ரீஃபைல்ஸிங்க், கிளவுடுக்கு டூப்ளிகாட்டி. ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் முழிச்சிருப்பான். ரெண்டும் இலவசம்தான், கேன்டீன்ல ஒரு சமோசாகூடத் தியாகம் பண்ண வேண்டாம்.

இந்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பதினைந்து நிமிஷம் ஃபோல்டர் லிஸ்ட். அரை மணி நேரம் சாஃப்ட்வேரை இறக்கி செட்டிங். முதல் பேக்கப் ஓடட்டும், நீங்க மேட்ச் பாருங்க. கடைசிப் பதினைந்து நிமிஷம் ஒரே ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்க. திங்கட்கிழமை காலையில அந்த சாஃப்ட்வேர் இருப்பதையே மறந்திருப்பீங்க. மறக்கணும், அதான் அதோட வெற்றி. மாசத்துக்கு ஒருநாள் மட்டும் ஞாபகம் வந்தா போதும்.

டீமில் நாலு பேர் இருந்தா நாலு பேரும் செய்யுங்க. ‘அவன்கிட்ட இருக்கும்’ என்று நாலு பேரும் நினைத்தால் என்ன ஆகும்னு மேலேயே படிச்சிட்டீங்க!

அடுத்த வாரம்: எல்லா அக்கவுன்ட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் வள்ளல்களுக்காக... பாஸ்வேர்டு மேனேஜர்! வர்ட்டா?